கிணற்று விளையாட்டும் மதிப்பெண் அட்டவணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் கையில் கணினி விளையாட்டு எந்த வடிவிலும் இருக்கலாகாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். பணம் கட்டி ஆடும் ரம்மி முதலானவை மீது அவருக்குள்ள கோபத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் அந்தக் கேட்டைத் தடுக்க வந்தவையே. எனினும் அவர் அத்தோடு நில்லாமல் எல்லா விளையாட்டையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டார். கடந்த கோடையில் என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் ஆடிய சிறு விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதினால் அவரே தம் கருத்தை மறுபடி யோசிப்பார் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அதை ஆக்கியவர் ஓசூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் பழைய மாணவர். விற்பனைக்கு என்று இல்லாமல், விடுமுறை நாட்களில் சோதனையாக எழுதிப் பார்த்தது. பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை: இரண்டு வயல், நடுவே ஒரு வரப்பு, இரண்டு ஆழ்குழாய்க் கிணறுகள், அடியில் இரண்டுக்கும் பொதுவான ஒரு நீலப்பட்டை. இருவர் ஆட வேண்டும். ஒவ்வொரு கோடைக்கும் ஒரு பொத்தான்தான் அழுத்தலாம். ஒன்று ‘முறை வைத்து இறை’, மற்றது ‘முழு நேரமும் இறை’. எதிரில் இருப்பவர் எதை அழுத்தினார் என்பது இருவரும் அழுத்திய பிறகே தெரியும். இருவரும் முறை வைத்தால் ஆளுக்கு 3 மதிப்பெண். இருவரும் முழு நேரமும் இறைத்தால் ஆளுக்கு 1. ஒருவர் முறை வைத்து மற்றவர் முழுவதும் இறைத்தால் இறைத்தவருக்கு 5, பொறுத்திருந்தவருக்கு 0.

கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த அட்டவணையை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் என்ற இருவர் வகுத்த ஆட்டம் இது. அதற்குச் சிறைப்பட்ட இரு கைதிகளின் கதையை அதே ஆண்டில் ஆல்பர்ட் டக்கர் என்ற கணித அறிஞர் பொருத்திச் சொன்னதால், ‘கைதிகளின் இக்கட்டு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. என் மாணவர் கைதிகளை விடுவித்துப் பாலக்கோட்டுப் பக்கத்து உழவர்களாக்கியிருக்கிறார். சிறையையே பார்த்திராத பிள்ளைகளுக்குக் கிணற்றை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அட்டவணையை ஒரு முறை பொறுமையாகப் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும். பக்கத்து வயல்காரர் முறை வைக்கிறார் என்று கொண்டால், நான் முழுவதும் இறைத்தால் 3க்குப் பதில் 5 கிடைக்கிறது. அவர் முழுவதும் இறைக்கிறார் என்று கொண்டால், நானும் இறைத்தால் 0க்குப் பதில் 1 கிடைக்கிறது. ஆக, அவர் நல்லவராயினும் கெட்டவராயினும் எனக்கு இறைப்பதே லாபம், அவருக்கும் அப்படியே. இருவரும் கணக்குப் பிசகாமல் நடந்தால் இருவருக்கும் சேர்த்துக் கிடைப்பது 2. கணக்குத் தெரியாத இரண்டு அப்பாவிகள் ஆடியிருந்தால் 6 கிடைத்திருக்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதைக் கண்டுபிடித்துவிட்டு, ‘அப்போ ரெண்டு பேருமே சரியாத்தானே சார் போட்டோம், எப்படி சார் தோத்தோம்?’ என்று கேட்டான். முப்பது ஆண்டு வகுப்பறையில் என்னிடம் யாரும் கேட்காத தரமான கேள்வி அது.

ஒரே கோடையோடு ஆட்டம் முடிந்தால் கதை அவ்வளவுதான். அடுத்த கோடையும் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்னும்போதுதான் விளையாட்டு சுவைபடுகிறது. மொத்தம் 10 கோடை என்று முன்பே அறிவித்துவிட்டு ஆடியபோது, பத்தாவது கோடையில் அநேகமாக எல்லோரும் முழுவதும் இறைத்தார்கள். அதற்குப் பின்னே பழிவாங்க யாரும் இல்லை அல்லவா? இரண்டு நாளில் ஒன்பதாவது கோடையும் கெட்டது, பிறகு எட்டாவது. கடைசி எப்போது என்று தெரிந்தால் துரோகம் வாலிலிருந்து தலைக்கு ஏறுகிறது. என் மாணவர் அடுத்த வாரமே ஒரு மாற்றம் செய்தார்: ஒவ்வொரு கோடையின் முடிவிலும் கணினி தனக்குள் ஒரு தாயம் உருட்டி, ஆட்டம் தொடருமா முடியுமா என்று தீர்மானிக்கும். முடிவு தெரியாதபோது அதே பிள்ளைகள் அதே அட்டவணையில் வேறு விதமாக நடந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் அவர்களுக்கு ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர் நடத்திய கணினிப் போட்டிகளைப் பற்றிச் சொன்னேன். அறிஞர்கள் எழுதி அனுப்பிய நிரல்களை இதே 5, 3, 1, 0 மதிப்பெண்ணில் ஒன்றோடொன்று மோதவிட்டு, அதன் முடிவுகளை அவர் 1980இல் வெளியிட்டார். முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன, இரண்டாவதற்கு 62. இரண்டிலும் வென்றது அனத்தோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல்தான்: முதலில் ஒத்துழைப்பது, பிறகு எதிராளி சென்ற முறை செய்ததையே தானும் செய்வது. ‘பதிலுக்குப் பதில்’ என்று அதைச் சொல்லலாம். அந்த நிரல் எந்த ஒரு தனி ஆட்டத்திலும் எதிராளியை விட அதிக மதிப்பெண் எடுக்கவே முடியாது என்பதுதான் வியப்பு. எப்போதும் இறைப்பவனோடு 10 கோடை ஆடினால் அதற்கு 9, அவனுக்கு 14. ஆயினும் தன்னைப் போன்ற ஒன்றைச் சந்திக்கும்போது இருவரும் 30 எடுக்கிறார்கள். எப்போதும் இறைப்பவர்கள் இருவர் சந்தித்தால் ஆளுக்கு 10 மட்டுமே. யாரையும் தோற்கடிக்காமல் போட்டியில் முதலிடம் பெற முடியும் என்பதை, மாநில அளவில் மதிப்பெண்ணுக்கு அலையும் நம் பிள்ளைகளுக்கு நான் சொற்பொழிவாற்றிச் சொன்னால் ஏற்றிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த நிரலுக்கும் ஒரு குறை உண்டு. அதை விளையாட்டில் கொண்டுவந்த விதத்துக்காகவே என் மாணவரைப் பாராட்ட வேண்டும். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்ததும் மோட்டார் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தியிருப்பது நம் பக்கத்தில் வழக்கம். விளையாட்டிலும் சில கோடைகளில், நீங்கள் முறை வைக்கும் பொத்தானை அழுத்தியிருந்தாலும் ஸ்டார்ட்டர் பிசகி மோட்டார் முழுவதும் ஓடிவிடும். பக்கத்துக்காரருக்குத் தெரிவது ஓடிய மோட்டார்தான், உங்கள் மனசு அல்ல. ‘பதிலுக்குப் பதில்’ ஆடும் இருவரிடையே இப்படி ஒரே ஒரு பிசகு நேர்ந்தால், இந்தக் கோடை இவர் அவரைத் தண்டிப்பார், அடுத்த கோடை அவர் இவரைத் தண்டிப்பார். 5, 0 என்று மாறி மாறி வந்து, சராசரி 3இலிருந்து 2.5ஆக இறங்கிவிடும், பகையும் தீராது. வரப்புத் தகராறுகள் பல தலைமுறை நடப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. குறளை எதற்கெடுத்தாலும் துணைக்கு அழைப்பவன் அல்லன் நான். ஆயினும் மாணவி ஒருத்தி ‘இன்னா செய்தாரை ஒறுத்தல்’ என்று தொடங்கி, அதன்படி எப்போதும் மன்னித்துப் பார்த்தாள். எப்போதும் இறைக்கும் கணினியிடம் 10 கோடையில் 0 வாங்கினாள், கணினி 50. பிறகு சில முறை மட்டும் மன்னித்தாள். ஸ்டார்ட்டர் பிசகும் ஆட்டங்களில் அது அவளுக்கு நன்றாகவே கைகொடுத்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இருவரும் இறைத்தால் ஆளுக்கு 1 என்பது மிகத் தாராளமான மதிப்பெண். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரைத் துரத்திக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை மஞ்சள் படிந்த பற்களும் வளைந்த கால்களும் சொல்லும். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்ற வரம்பை மீறிய கிணறுகள் இங்கே இருந்ததால்தான், 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குக் கழித்தல் குறி போட்டுப் பார் என்று மாணவரிடம் சொல்லியிருக்கிறேன். 0 வாங்குவதை விட அது மோசமாகிவிட்டால், ‘எப்படியும் இறைப்பதே லாபம்’ என்ற கணக்கு உடைந்து வேறொரு ஆட்டமே பிறக்கும்.

இரண்டாவது, ஊரில் இருப்பது இரண்டு கிணறு அல்ல. நாற்பது கிணறு உள்ள இடத்தில் ஒருவன் செய்த தவறுக்கு நான் பதிலுக்கு இறைத்தால், தண்டனை மற்ற முப்பத்தெட்டுப் பேர் தலையிலும் விழுகிறது. மூன்றாவதாக நான் சொன்னதுதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமானது: ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் பேச வழியில்லை. ‘வெறும் பேச்சு அட்டவணையை மாற்றாது ஐயா, அதனால் முடிவும் மாறாது’ என்றார் மாணவர். ஏட்டில் அது சரி. ஆனால் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் 1965இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வே தெற்குக் கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் கூடிப் பேசி விதி வகுத்ததைப் பற்றியதுதான். அந்த வழியில் தொடர்ந்த உழைப்புக்காகத்தான் 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணியானார். அவ்வளவு தூரம் போவானேன்? முறைத்தண்ணீர் என்ற சொல்லும், ஏரி மடையைக் காத்த நீர்க்கட்டி என்ற ஆளும் நம்மிடம் இருந்தவைதாமே. ஆட்டத்துக்கு நடுவே ஒரு நிமிடம் பேச விட்டபோது, என் திண்ணையில் பிள்ளைகள் முதலில் செய்தது வாக்குறுதி கொடுப்பது அல்ல. ஏமாற்றியவர் அடுத்த ஆட்டத்தில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கித் தர வேண்டும் என்று அபராதம் வைத்தார்கள். அதாவது, அட்டவணையைத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். மாணவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அன்று ஒரு பையன், ‘எங்கப்பா தக்காளி போட்டதும் இதே கணக்குதான்’ என்றான். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றதைப் பார்த்து எல்லோரும் நட்டதையும், பிறகு பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போனதையும் சொன்னான். அதற்கு இருவர் ஆட்டம் பொருந்தாது. பலர் ஆட்டம் வேண்டும். அவனே தாளில் ஓர் அட்டவணை போட்டுக்கொண்டு வந்தான். அதில் பிழை இருந்தது, இருந்தும் அவன் போட்டதே எனக்குப் பெரிது.

சென்ற வாரக் கடிதம் எழுதிய நண்பருக்கு ஒரு செய்தி: இதற்குக் கைப்பேசியே தேவையில்லை. இரண்டு தீப்பெட்டி அட்டைகளும் ஒரு தாயக்கட்டையும் போதும். நாங்களே மின்சாரம் போன மாலைகளில் அப்படித்தான் ஆடினோம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நான்கு கட்டம் கொண்ட இந்த அட்டவணையை மட்டும் ஒரு முறை அச்சிட்டு, எண்கள் இருக்கும் இடத்தை வெற்றாக விட்டு, தங்கள் ஊர்க் கிணற்றுக்கு எந்த எண் பொருந்தும் என்று பிள்ளைகளையே நிரப்பி அனுப்பச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.