ஸ்டுட்கார்ட் புறப்படும் மகளுக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஜெர்மனி விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வந்துவிட்டது என்று நீ தொலைபேசியில் சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அங்கே போன பிறகு பதிவு, அனுமதி இவற்றையெல்லாம் எப்படிச் செய்யப்போகிறாய் என்று நான் கேட்டதற்கு, "எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் அப்பா" என்று நீ சொன்ன பதில் என் மனத்தை விட்டு அகலவில்லை. நானும் ஒரு காலத்தில் உன் தாத்தாவிடம் இதே சொற்களைச் சொல்லிவிட்டுத்தான் தம்மாமுக்கு விமானம் ஏறினேன். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

சவுதியில் அப்போது இக்காமா என்னும் வதிவிட அனுமதி சிறு புத்தக வடிவில் இருந்தது. முஸ்லிம்களுக்குப் பச்சை அட்டை, மற்றவர்களுக்குப் பழுப்பு அட்டை. உள்ளே எல்லாம் அரபியில் இருக்கும். தேதிகள் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் இருக்கும். பாஸ்போர்ட் கம்பெனியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். இக்காமாவைப் புதுப்பிக்கும் வேலை, கம்பெனிக்காக அரசு அலுவலகங்களுக்குப் போய்வரும் ஊழியரான மந்தூப்பின் பொறுப்பில் இருந்தது. நானும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. இரண்டு ஆண்டு என்றால் 730 நாள் என்று நானே மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சந்திரமானமான ஹிஜ்ரி ஆண்டில் ஏறக்குறைய 354 நாள்தான் என்பதும், இரண்டு ஆண்டில் 22 நாள் குறைந்துவிடும் என்பதும், 1996-இல் ஜுபைல் சாலையில் காவலர்கள் வண்டியை நிறுத்தி அந்தப் புத்தகத்தை விரித்துப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மந்தூப் மறந்துவிட்டார். இரண்டு இரவுகள் நான் காவலில் இருந்தேன். அதைவிடப் பெரிய இழப்பு அதற்குப் பின் வந்தது. புதுப்பிக்கும் காகிதம் அலுவலகம் அலுவலகமாக நகர்ந்துகொண்டிருந்த அதே நாட்களில் உன் அப்பத்தா தவறிப்போனார். இக்காமா உயிரோடு இல்லாமல், ஊர் போய்த் திரும்பி வருவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா கிடைக்காது. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நான் ஊர் வந்து சேரவில்லை. என் பெயர் எழுதியிருந்த தாளை நானே படித்துத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

நீ போகும் நாடு வேறு, சட்டமும் வேறு. அங்கே எந்த நிறுவனமும் உன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அனுமதிக்கு உரியவளும் பொறுப்பானவளும் நீ ஒருத்திதான். உன் ஒப்பந்தத்தையும், ஜெர்மன் அரசு ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கும் விளக்கங்களையும் பத்து நாட்களாக உட்கார்ந்து படித்தேன். அவற்றில் உனக்கு வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

உன் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது டி வகை தேசிய விசா. அது உன்னை நாட்டுக்குள் அழைத்துச் சென்று, முதல் சில மாதங்கள் இருக்கவும் வேலை செய்யவும் இடம் தருவது; எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் ஓர் ஆண்டுக்கு மேல் போகாது. தொடர்ந்து வாழ்வதற்கான வதிவிட அனுமதி வேறு. அதை அந்த ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீ விண்ணப்பித்துப் பெற வேண்டும். உனக்குக் கிடைக்க வேண்டியது, பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான புளூ கார்டு என்னும் அனுமதி; அதிகபட்சம் நான்கு ஆண்டுகளுக்குத் தருவார்கள். ஒப்பந்தம் அதைவிடக் குறுகியதாக இருந்தால் ஒப்பந்தக் காலத்தோடு மூன்று மாதம் சேர்த்துத் தருவார்கள். விசா முடியும் நாளுக்கு முன்பே விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே இதில் உயிர்நிலையான செய்தி. பெரிய நகரங்களில் சந்திப்பு நேரம் கிடைப்பதே அரிது என்று அங்கிருக்கும் நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆகவே போய் இறங்கிய மாதமே விண்ணப்பித்துவிடு. விண்ணப்பம் சேர்ந்ததற்கான சான்றைக் கையில் வைத்துக்கொள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது முகவரிப் பதிவு. அன்மெல்டுங் என்று சொல்கிறார்கள். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்துக்குப் போய், இந்த வீட்டில் இன்னார் குடியிருக்கிறார் என்று பதிந்துகொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது. நீ குடிவந்த நாளைக் குறித்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனித் தாள் ஒன்றும் வேண்டும். முதல் இரண்டு மாதத்துக்குக் கம்பெனி ஏற்பாடு செய்யும் தற்காலிக வீடுகளில் சிலர் இந்தத் தாளைத் தர மறுப்பார்களாம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள். தாள் கிடைக்காமல் தவிப்பவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பொய் முகவரி கொடுப்பவர்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம். எந்த நெருக்கடியிலும் அந்தப் பக்கம் போகாதே. இந்தப் பதிவு இருந்தால்தான் உன் வரி எண் தபாலில் வரும். வெளிநாட்டவர் அலுவலகமும் உன் கோப்பைத் திறக்கும்.

தபால் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ஜெர்மனியின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. கீழே வாசலில் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் குடியிருப்பவரின் பெயர் ஒட்டியிருக்கும். தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். முன்பு இருந்தவர் பெயரே பெட்டியில் இருந்தால் உன் கடிதம் திரும்பிப் போய்விடும். ஆகவே சாவி வாங்கிய அன்றே உன் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி ஒட்டு. நம் ஊரில் அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் உண்டல்லவா, அதனால் இரண்டையுமே எழுதிவிடு. சில அரசுக் கடிதங்கள் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் அதைப் பெட்டியில் போட்ட தேதியை உறையின் மேலேயே எழுதிவிட்டுப் போவார். நீ பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அன்றே அது உனக்குக் கிடைத்துவிட்டதாகச் சட்டம் கொள்ளும். பதில் சொல்ல வேண்டிய கெடுவும் அன்றிலிருந்து ஓடத் தொடங்கும். அந்த உறையைத் தூக்கி எறியாமல் கடிதத்தோடு சேர்த்து வை. ஜெர்மன் புரியவில்லை என்று ஒரு கடிதத்தைக்கூட ஒதுக்கி வைக்காதே.

வதிவிட அனுமதி, வங்கி அட்டை அளவில், சில்லு பதித்து வரும். கைரேகை கொடுத்த பிறகு பெர்லினில் அச்சாகி வரச் சில வாரங்கள் ஆகும். எல்லோரும் அட்டையின் தேதியைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அட்டையில் இடம் போதாதபோது நிபந்தனைகளை எழுதிய மடித்த தாள் ஒன்றும் கூடவே தருவார்கள். எந்த நிறுவனத்தில், எந்தப் பணியில் வேலை செய்யலாம் என்பது அதில் இருக்கலாம். அந்தத் தாளும் அட்டையின் ஒரு பகுதிதான். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார். பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழை இருந்தால் அன்றே சொல்.

வேலையைப் பற்றி இனி. அந்தக் காலத்துச் சவுதியில், என்னை வேலைக்கு அழைத்த பொறுப்பாளரான கஃபீலின் எழுத்து இல்லாமல் வேறு வேலைக்கு மாற நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. உனக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனால் புளூ கார்டில் வேலை தொடங்கிய முதல் 12 மாதங்களில் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அந்த மாற்றத்தை 30 நாள் நிறுத்திவைத்து, புதிய வேலை தகுதிக்கு உட்பட்டதா என்று ஆராயலாம். சம்பளத்துக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு: 2025-இல் அது ஆண்டுக்கு 48,300 யூரோவாகவும், ஆள் பற்றாக்குறை உள்ள பணிகளுக்கு 43,759.80 யூரோவாகவும் இருந்தது. பொறியாளர் என்பதால் இரண்டாவதுதான் உனக்குப் பொருந்தும். இந்த எல்லை ஆண்டுதோறும் மாறும். ஒருவேளை ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வேலை போய்விட்டால், அது தெரிந்த இரண்டு வாரத்துக்குள் நீயே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பெனியும் தெரிவிக்கும், ஆனால் அவர்கள் தெரிவித்தால் உன் கடமை தீர்ந்துவிடாது. இதை நீ எந்நாளும் மறக்கக் கூடாது. வேலை போன அதிர்ச்சியில் இருப்பவர்கள் இரண்டு வாரத்தை எளிதாகக் கடந்துவிடுவார்கள்.

அனுமதியைப் புதுப்பிக்கும் காலத்திலும் இதே கவனம் வேண்டும். பழைய அட்டை முடியும் முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமைகள் தொடர்வதாகச் சட்டம் கொள்ளும். அதற்குச் சான்றாக ஓர் இடைக்காலத் தாள் தருவார்கள். அந்தத் தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும். ஜெர்மன் வதிவிடச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்ற கட்டத்தில் குறி இருந்தால்தான், வெளியே போய்விட்டு ஜெர்மனிக்குத் திரும்பி வர முடியும். எங்களைப் பார்க்க அவசரமாகக் கிளம்பி வரும்படி நேர்ந்தால்கூட, குறி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே பயணச் சீட்டு எடு. அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள்.

மாப்பிள்ளையும் குழந்தையும் பிறகு வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். புளூ கார்டு வைத்திருப்பவரின் கணவருக்கு ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமில்லை. அங்கே வந்தபின் வேலை செய்யவும் தடையில்லை. ஆனால் அவர் அனுமதி உன் அனுமதியைப் பற்றிக்கொண்டு நிற்பது. உன் அட்டை தடுமாறினால் அவர் அட்டையும் தடுமாறும். குழந்தையின் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பார். சிறு பிள்ளைகளுக்கு இந்திய பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்குத்தான் தருகிறார்கள். பாஸ்போர்ட் முடியும் தேதிக்கு மேல் அங்கே அட்டை தர மாட்டார்கள். உனக்கு நான்கு ஆண்டு, அவளுக்கு ஒன்றரை ஆண்டு என்று தேதிகள் பிரிந்துவிட்டால், ஒன்று நினைவிலிருந்து தப்பிவிடும். விண்ணப்பிக்கும் முன்பே சென்னையில் புதுப்பித்துவிடுவது நல்லது.

நிரந்தர அனுமதியைப் பற்றி இப்போது அதிகம் எழுதவில்லை. புளூ கார்டில் 27 மாதம் வேலை செய்து, ஏ1 என்னும் தொடக்க நிலை அளவு ஜெர்மன் தெரிந்திருந்தால் கேட்கலாம். பி1 என்னும் இடைநிலை அளவு தெரிந்தால் 21 மாதத்திலேயே கேட்கலாம். அந்த ஆறு மாதத்துக்காகவாவது வந்த முதல் வாரமே மொழி வகுப்பில் சேர்ந்துவிடு.

கடைவீதியில் நல்ல தாளாக ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் உங்கள் மூவரின் பாஸ்போர்ட் முடியும் தேதிகளையும், உன் விசா முடியும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன். மீதிப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அட்டை கைக்கு வந்ததும் முன்பக்கம், பின்பக்கம், கூட வரும் மடித்த தாள் மூன்றையும் படமெடுத்து அனுப்பு. தேதிகளை இங்கேயும் குறித்துக்கொள்கிறேன்.

உன் அன்பு அப்பா
திருச்சி