கடல் இல்லாத ஊரிலிருந்து

கிட்வே, சாம்பியா
23.3.2025

அன்புள்ள சேவியர்,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டுவதையெல்லாம் இந்த வரியோடு திட்டி முடித்துவிடு. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாகச் செல்வம் சொன்னான், சந்தோஷம். எனக்கும் சுகம்தான். தொப்பையைப் பற்றிக் கேட்காதே.

"கடலே இல்லாத நாட்டுக்குப் போகிறாயே, மீனுக்கு என்னடா செய்வாய்?" என்று ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியை விடாமல் கேட்டாய். அன்றிலிருந்து உன்னிடம் நான் அடித்த பெருமைக்கெல்லாம் காஃபுவே ஆறுதான் முதல். நம் தாமிரபரணியைப் போலப் பத்துப் பன்னிரண்டு ஆறுகளை வரிசையாக வைத்தால்தான் இதன் நீளம் வரும். 1,500 கிலோமீட்டருக்கு மேல். பிறப்பதும் முடிவதும் இந்த நாட்டுக்குள்ளேயே. மக்கள்தொகையில் சுமார் 60 சதவீதம் பேர் இதன் படுகையில்தான் வாழ்கிறார்கள்.

அந்த ஆற்றில்தான் போன மாதம் 18ஆம் தேதி மண் விழுந்தது. சாம்பிஷிப் பக்கம் ஒரு செம்புச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து, சுமார் 5 கோடி லிட்டர் அமிலக் கழிவு ஓடைகள் வழியாகக் காஃபுவேயில் கலந்துவிட்டது. நூறு கிலோமீட்டர் கீழே வரைக்கும் மீன்கள் செத்து மிதந்தன. எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். ஏழு லட்சம் பேர் இருக்கும் ஊர், சேவியர்! பக்கத்துத் தெருவில் ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் வீட்டு வாசலில் இரண்டு குடத்தோடு வரிசையில் நின்றேன். தலைக்கு மேலே விமானப்படை விமானம் பறந்தது, ஆற்றில் சுண்ணாம்பு கொட்டுவதற்காக. அமிலத்தை முறிக்கவாம். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு, ஓர் ஆற்றுக்கே தடவ வேண்டியதாகிவிட்டது.

யாரைக் குறை சொல்வது? நானே சுரங்கங்களுக்குப் போல்ட்டும் பெல்ட்டும் விற்கிற கடையில் கணக்கு எழுதிச் சாப்பிடுகிறவன். இந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் செம்புதான். நூறு கிலோ கல்லில் இரண்டு மூன்று கிலோ செம்பு இருந்தாலே நல்ல தாது என்பார்கள். கல்லைப் பொடித்துக் கந்தக அமிலத்தில் ஊறவைத்துச் செம்பைப் பிரித்துக்கொள்கிறார்கள். மிச்சச் சக்கையை எங்கே வைப்பது? மண்ணைக் குவித்து அணை கட்டி அதற்குள் தேக்குகிறார்கள். செம்பு லாரியிலும் ரயிலிலும் ஏறி, டான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம்வரை போய்க் கப்பல் ஏறிவிடும். இங்குள்ள கபிரி ம்போஷியிலிருந்து அந்தத் துறைமுகத்துக்குத் தண்டவாளமே 1,860 கிலோமீட்டர். சக்கைக்கு ரயிலும் இல்லை, கப்பலும் இல்லை. அது இங்கேயே கிடக்கும்.

போன சனிக்கிழமை சிசோகோனே சந்தைக்குப் போனேன். எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அம்மாள் பேசினில் ப்ரீம் மீன்களை அடுக்கி, ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார். முன்பெல்லாம் வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்பார்கள். இப்போது செவுளை யாரும் தொடுவதில்லை. "எந்த ஆறு?" என்றுதான் கேட்கிறார்கள். "கரீபா ஏரி, கரீபா ஏரி" என்று அவர் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. நானும் கேட்டேன். ஒன்பது வருடம் அவரிடம் வாங்கியவன் நான். கேட்டதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. இரண்டு மீன் கூடுதலாக வாங்கினேன்.

மழை இன்னும் நிற்கவில்லை. அது ஆற்றைக் கழுவிக் கீழே தள்ளும் என்கிறார்கள். கீழே தலைநகரமே இதன் தண்ணீரைக் குடிக்கிறது. அதற்கும் கீழே சாம்பெசி ஆறு, மொசாம்பிக், அப்புறம் உன்னுடைய இந்தியப் பெருங்கடல்தான். கடல் இல்லாத நாடு என்று இனிமேல் கேலி செய்யாதே.

மே மாதம் வருகிறேன். வழக்கம்போல இரண்டு கிலோ கபென்டாக் கருவாடு கொண்டுவருவேன். நெத்திலிக் கருவாடு மாதிரியே இல்லை என்று நீயும் வழக்கம்போலச் சாதிக்கலாம். பயப்படாதே, அது கரீபா ஏரியில் பிடித்தது. காஃபுவே, கரீபா அணையைத் தாண்டிக் கீழேதான் சாம்பெசியில் சேர்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் உன் மகளின் அட்லஸை எடுத்துப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ராசு