பத்து மாடு பற்றி நீ கேட்டது

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். ஊருக்கு வந்து பத்து மாடு வாங்கிக் கட்டலாமா என்று கேட்டு, செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு நீ அனுப்பிய மாட்டு வீடியோவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் உனக்கு மீட்டிங் இருக்கும், போன் பண்ணாதே என்று அம்மாவிடம் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். சரி, அது போகட்டும்.

ஒரு மாடு நாளைக்கு முப்பது லிட்டர் என்கிறான் வீடியோவில் வருகிற ஆள். பொய்யில்லை, எச்.எப் என்கிற அந்தக் கருப்பு வெள்ளைச் சீமை மாடு கறக்கும். ஆனால் மாட்டுக்கு மாடு பாலில் இருக்கும் வித்தியாசத்தில் வம்சத்தின் பங்கு சுமார் 30 சதவீதம்தான். மிச்சம் தீவனம், தண்ணீர், வெயில், பார்க்கிற கை. நம்ம சித்திரை வெயிலில் அதைக் கட்டினால் மூச்சு வாங்கும், தீவனத்தைத் தொடாது. சமவெளிக்கு ஜெர்சி கலப்புதான் தாங்கும்.

ஜீன் டெஸ்ட் பார்த்து மாடு வாங்கலாமா என்று நீ கேட்டதை நம்ம மாட்டு டாக்டரிடம் கேட்டேன். இன்ஜினியர் பையன் இதெல்லாம் படிக்கிறானா என்றார். பெருமையாகத்தான் இருந்தது. 14-வது குரோமோசோமில் டிஜிஏடி1 என்று ஒரு ஜீனாம். அது செய்கிற புரதத்தில் ஒரு இடத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் இருந்தால் பாலில் கொழுப்பு ஏறும், பால் அளவு குறையும். அதற்குப் பதில் அலனின் என்கிற இன்னொன்று இருந்தால் பால் கூடும், கொழுப்பு இறங்கும். 2002-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் நாட்டு மாடுகளுக்குப் பெரும்பாலும் அந்தக் கொழுப்பு ரகம்தான். அதனால்தான் காங்கேயம் பால் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதே, அது உழவுக்கும் வண்டிக்கும் பொறுக்கி வளர்த்த இனம். பால் அளவை ஒரே ஜீன் முடிவு செய்வதில்லை, ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்து செய்கின்றன. டெஸ்ட் சீட்டை மட்டும் நம்பி மாடு பிடிக்க முடியாது.

பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எப்பும் (கொழுப்பு போக மிச்சமுள்ள சத்து) பார்த்துத்தான் காசு. நம்ம செவலைக்குக் கொழுப்பு 4.8 சதவீதம் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பு வெள்ளைக்கு 3.4. அவர்கள் கேன் நிறைகிறது, அவ்வளவுதான்.

கறக்கிற பாலை மட்டும் பார்த்து வாங்காதே. தாய் எத்தனை ஈத்து, எப்படிக் கறந்தது, எந்தக் காளையின் ஊசி, எல்லாம் கேள். காளை கறக்காது, அதன் மகள்கள் கறப்பதை வைத்துத்தான் அதை மதிக்க முடியும். சினை ஊசி போட வருகிறவர் காளை விந்து இருக்கிற ஸ்ட்ராவை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுக்கும்போது மேலே பொடி எழுத்தில் காளை நம்பர் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு நோட்டில் எழுதி வைக்கிறேன். மகளுக்கே அப்பன் ஊசி விழுந்தால் ரத்தம் நெருங்கி கன்று சோடையாகும், பாலும் குறையும். மறுபடியும் சொல்கிறேன், பாலை மட்டும் பார்த்து வாங்காதே.

தீபாவளிக்குக்கூட ரெண்டு நாள் தங்காதவன் பத்து மாடு என்கிறாய். விடியக்காலம் நாலு மணிக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வேண்டாம் என்று சொல்லவில்லை. வருவதானால் வா, ஏன் என்று கேட்க மாட்டேன். மேக்காலக் காட்டில் கோ-4 தீவனப் புல் இருக்கிறது, முதலில் ரெண்டு மாடு போதும். கடன் மட்டும் வாங்காதே, மாமா பட்டது போதும். ஏதாவது இருந்தால் என்னிடம் சொல், அம்மாவிடம் வேண்டாம்.

பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாயிற்றா? போன வாரமே கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை, மாட்டு வீடியோதான் வருகிறது.

அப்பா