மழை நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும்

தர்மபுரி,
பங்குனி மாதம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதமும் படங்களும் வந்து பத்து நாளாகிறது. புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்துக் கொடுக்கிற வேலை நேற்றுதான் முடிந்தது. விரல் நுனியெல்லாம் இன்னும் கறுத்துக் கிடக்கிறது. அதனால்தான் பதில் தாமதம். அம்மா நன்றாக இருக்கிறார், உன்னைக் கேட்டார். போன மாதம் தோட்டத்தில் 900 அடிக்குப் போர் போட்டோம். வெறும் புகைதான் வந்தது. பழைய கிணற்றில் இருக்கிற தண்ணீருக்குத் தக்கபடி தக்காளியைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். அந்தக் கவலை இருக்கட்டும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். அமெரிக்காவுக்கு வா என்று இருபத்திரண்டு வருஷமாக நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், இந்த வருஷம் நிச்சயம் வருகிறேன். ஆனால் நீ போட்ட திட்டத்தில் எனக்கு ஒரு குறை. நீ இருக்கிற போர்ட்லேண்டிலிருந்து ஹோ மழைக்காட்டுக்கு ஒரே ஓட்டமாகப் போய்விட்டு, வந்த வழியே திரும்பி, மாலையில் கிளம்பி இரவோடு இரவாக மலையைத் தாண்டிப் பெண்ட் ஊருக்குப் போய்விடலாம் என்று எழுதியிருக்கிறாய். காட்டையும் பார்ப்போம், பாலையையும் பார்ப்போம், ஒத்துக்கொள்கிறேன். நடுவில் இருப்பதை இருட்டில் விட்டுவிடுவோமே! நான் வருவதே அதைப் பார்க்கத்தான்.

ஏழாவது படிக்கும்போது ஆடி மாதத்தில் ஒகேனக்கல் போனோமே, நினைவிருக்கிறதா? பென்னாகரம் தாண்டும்வரை ரோட்டோரத்துப் புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கீழே இறங்கினால் காவிரி செம்மண் நிறத்தில் கரை முட்டப் போகிறது, பரிசல் எல்லாம் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. “மழையே இல்லையே, இவ்வளவு தண்ணி எங்கிருந்து வருது?” என்று நீதான் பரிசல்காரரைக் கேட்டாய். “குடகுல ஊத்துது கண்ணு” என்றார் அவர். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அதே நினைப்பு. கடல் காற்று மேற்கு மலையில் ஏறும்போது குளிர்ந்து அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது, இறங்கும்போது வறண்டு போய் நமக்கு வருகிறது என்பதைப் பிறகுதான் படித்தோம். அந்த மலைமேல் இருக்கிற கர்நாடகத்து ஆகும்பேயில் வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நமக்கு 850 வந்தால் நல்ல வருஷம். மழை மறைவில் பிறந்தவள் நான். மழை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரில் அது தெளிவாகவே தெரியும்போல. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வழி பார்த்தேன். ஒலிம்பியாவிலிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்குக் கரையோரமாக மேலே ஏறுவோம். முதலில் ஸ்க்விம் வரும். அங்கே வருஷத்துக்கு 40 சென்டிமீட்டர் மழைதான். லாவெண்டர் பயிரிடுகிறார்கள், அதற்கும் பாசனம் வேண்டியிருக்கிறது. அதே ஒலிம்பிக் மலையை வடக்கே சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனால் ஹோ, 350 சென்டிமீட்டர்! ஒரே மலைதான், இந்தப் பக்கம் நம் ஊர், அந்தப் பக்கம் குடகு. அதனால் ஸ்க்விமில் கொஞ்ச நேரமாவது இறங்கி நின்றுவிட்டுப் போவோம்.

ஹோவில் காலை எட்டு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும், கோடையில் வண்டி நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடுமாம். நீ அனுப்பிய படங்களில் ஒன்றை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். விழுந்து கிடக்கிற பெரிய மரத்தின் மேல், பாசிக்குள் வேர் விட்டு, நாற்றங்கால் போல வரிசையாகக் கன்றுகள். கீழே மண்ணில் பெரணியும் பாசியும் அடைத்துக்கொண்டிருப்பதால் விதைக்கு இடம் கிடைப்பதில்லை, செத்த மரத்தின் முதுகில்தான் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான வருஷம் கழித்து அடிமரம் மக்கிப் போனாலும், மேலே வளர்ந்தவை கோடு போட்டாற்போல ஒரே நேராக நிற்கும் என்கிறாய். அந்த வரிசையை என் கையால் தொட்டுப் பார்க்கிறவரை என்னை அவசரப்படுத்தாதே.

அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே இறங்கிவிடலாம். ரூபி கடற்கரை, கினால்ட் ஏரி எல்லாம் வழியில்தான். அஸ்டோரியாவில் கொலம்பியா ஆற்றின் மேல் ஆறரைக் கிலோமீட்டர் பாலம், 1966-இல் திறந்தது. அதைத் தாண்டினால் உன் மாநிலம், ஆரிகன். உன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கித் துணி துவைத்துக்கொள்வோம்.

அப்புறம் 26-ஆம் நெடுஞ்சாலை. இதைக் காலை வெயிலில்தான் ஓட்ட வேண்டும், செல்வி, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹூட் மலையின் தோளில் ஏறும்வரை நெருக்கமான ஃபிர் மரங்கள். இறங்கத் தொடங்கினால் மரத்துக்கு மரம் இடைவெளி கூடும், செம்பட்டை நிறப் பான்டெரோசா பைன் வரும். பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா மணக்கும் என்றாயே, அதற்கும் வண்டியை நிறுத்து. பிறகு குட்டையான ஜூனிப்பர், அதற்கும் பிறகு சாம்பல் நிறச் சேஜ் புதர். ஒன்றரை மணி நேரத்துக்குள் இத்தனையும் மாறிவிடுகிறது. பெண்ட் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஓசூரைவிடக் கொஞ்சம் மேலே. ஆனால் மழை 30 சென்டிமீட்டர்தான்.

வழியில் மெட்ராஸ் என்றே ஓர் ஊர் வருகிறதாமே! நம் மெட்ராஸ் துணியின் பெயரைப் பார்த்து வைத்தது என்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 21 முழுச் சூரிய கிரகணத்துக்கு உலகமே வந்து குவிந்த ஊர் அது. பெயர்ப்பலகைக்குக் கீழே நாம் இருவரும் நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த ஊருக்குச் சற்று முன்னால் டெஷூட்ஸ் ஆற்றைத் தாண்டுவோம். இந்த ஆற்றைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கமே போனது. மலை உச்சியில் பெய்கிற பனி உருகி, துளை விழுந்த எரிமலைப் பாறைக்குள் இறங்கி, ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் கோடையிலும் ஆறு வற்றுவதில்லை. பாலை நிலத்தின் நடுவே வேறு இடத்துத் தண்ணீர் ஓடுகிறது, ஒகேனக்கல் போலவே. கடைசியில் அது கொலம்பியாவில் கலந்து, நாம் தாண்டி வந்த அந்த அஸ்டோரியா பாலத்துக்கு அடியில்தான் கடலுக்குப் போகிறது. அதன் கரையில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்காரலாம், வேறு எங்கும் கூட்டிப்போக வேண்டாம். கிரேட்டர் ஏரி 592 மீட்டர் ஆழம், பார்க்க ஆசைதான், ஆனால் நாள் இல்லையென்றால் விட்டுவிடு.

ஆகஸ்ட் வேண்டாம். அப்போது காட்டுத்தீப் புகை வந்தால் மலையே தெரியாமல் போகும். ஜூன் கடைசி வாரம் வைத்துக்கொள்வோம். திரும்பும்போது மெக்கென்சி கணவாய் வழியாக வரலாம். பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும் அந்தப் பாதையை ஜூன் நடுவாக்கில்தான் திறப்பார்கள், திறந்ததா என்று முதலில் பார்த்துக்கொள். கறுத்த எரிமலைக் குழம்பு உறைந்த பாறைக்காட்டைத் தாண்டி மறுபடியும் பச்சைக்குள் இறங்குகிற வழி அது.

விமான டிக்கெட் விலையை இந்த வாரம் பார்த்துச் சொல். அப்புறம், மழைக்கோட்டு இங்கிருந்தே வாங்கி வரட்டுமா, அங்கே உன்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறதா?

அன்புடன்,
மல்லிகா