இல்லாத கிணறு

மதுரை
2.11.2025

அன்புள்ள சந்திரா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று குண்டூசி சொன்னாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. நீ கொடுத்தனுப்பிய அதிரசம் தீபாவளிக்கு முதல் நாளே வந்துவிட்டது. அம்மா அதைக் காபியில் ஊறவைத்துத் தின்றுவிட்டு, "சந்திரா கை இன்னும் மாறவே இல்ல" என்றாள். எழும்பூர் ஹாஸ்டலில் நீ சுட்ட தோசையை அவள் மறக்கவில்லை என்று புரிந்துகொள்.

இதைப் போனில் ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ கத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கத்து.

சித்திரை, வைகாசியிலிருந்து நான் ஏ.ஐ.யை வைத்துப் படம் செய்துகொண்டிருக்கிறேன். நீ 'திருட்டு மிஷின்' என்கிறாயே, அதேதான். நீ சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களை, வரைந்தவர்களையும் எடுத்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்காமல் அள்ளித்தான் இவற்றைப் பழக்கினார்கள். லயான் என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடிப் படங்களுக்கான இணைப்பும் விளக்கமும் இருக்கின்றன. அமெரிக்க ஓவியர்கள் 2023 ஜனவரியில் வழக்குப் போட்டபோது நீ எனக்கு அனுப்பிய செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன். அந்தச் சண்டையில் நான் உன் பக்கம்தான். ஆனால் இது வேறு காரியம். விற்கவோ காட்சி வைக்கவோ இல்லை. இது அம்மாவின் ஊர்.

ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பனில் புதுப் பாலம் திறந்ததை டிவியில் காட்டினார்களே, அப்போது ஆரம்பித்தது. நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போவதை நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும், "ரயிலு ராமேஸ்வரத்தோட நின்னுரும். எங்க ஊருக்குப் போவாது" என்றாள். தனுஷ்கோடியை அவள் 'எங்க ஊர்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, சந்திரா. நீ எத்தனை தடவை அவளைக் கிண்டிப் பார்த்திருக்கிறாய்! "அது கடலோட போச்சு" என்பதோடு சரி. 1964 டிசம்பர் புயலில் அவளுக்குப் பத்து வயது. சித்தி பிறந்தபோது பார்த்த அதே மருத்துவச்சியிடம் பெரியம்மாவுக்குப் பிரசவம் பார்க்க, எல்லோரும் தங்கச்சிமடம் போயிருந்தார்கள். தாத்தா மட்டும் துறைமுகத்தில் போர்ட்டர் வேலைக்காக அங்கேயே இருந்தார். 22-ஆம் தேதி ராத்திரிக்குப் பிறகு அவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு போட்டோகூட இல்லை.

அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்தேன், அந்த ஊரை வரைவது என்று. இடிந்த சர்ச்சையும் தண்ணீர்த் தொட்டியையும் வரையாத ஓவியன் தமிழ்நாட்டில் யார் இருக்கிறான்? நாம் இரண்டாம் வருஷம் கேம்ப் போனபோது பென்சில் மாஸ்டர் நம்மை வெயிலில் உட்காரவைத்து அதைத்தானே வரைய வைத்தார். எனக்கு இடிபாடு வேண்டாம். நின்ற ஊர் வேண்டும். போட் மெயில் வந்து நிற்க, பயணிகள் இறங்கிச் சுங்கப் பரிசோதனை முடித்துத் தலைமன்னார் போகும் கப்பலில் ஏறிய ஊர். இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களின் பெயர் அம்மாவுக்கு இன்னும் வாயில் நிற்கிறது.

அக்கா மகன் கேம் விளையாட வாங்கிய கம்ப்யூட்டரில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதில் ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் போட்டுக் கொடுத்தான். 2022-ல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று வெளிவிட்டார்களே, அது. வேலை செய்யும் விதம் உனக்குப் பிடிக்கும், வெறுத்துக்கொண்டே பிடிக்கும். முதலில் ஒன்றும் இருக்காது, ரூபவாகினி சிக்னல் போனதும் டிவியில் பொரியுமே, அந்த மாதிரி வெறும் புள்ளிகள். நாம் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளிக் கலங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியவைத்து உருவத்தை வெளியே கொண்டுவரும். நான் வெறுமனே எழுதிக் கொடுப்பதில்லை. சார்கோலில் தெருவைக் கோட்டுப் படமாகப் போட்டு, ஸ்கேன் செய்து கொடுப்பேன். எவ்வளவு மாற்றலாம் என்று ஓர் அளவு வைக்க வேண்டும். 0.3 வைத்தால் என் கோடு நிற்கும். 0.8 வைத்தால் என் கோட்டை விழுங்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஒன்றைத் துப்பும். என் பழைய கரி ஓவியங்களை மட்டும் கொடுத்து லோரா என்ற சின்னப் பயிற்சியும் செய்தோம். நிழல் போடுவதில் என் கையை ஓரளவு பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்தபோது வயிற்றில் ஒரு மாதிரி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வந்த படங்கள் எல்லாம் தப்பு. அழகான தப்பு. மீனவர் தெரு என்றால் தென்னந்தோப்பும் காயலும். ரயில் நிலையம் என்றால் வளைவுகள் வைத்த வெள்ளைக்காரன் அரண்மனை. பெண்கள் எல்லோரும் நெற்றிச்சுட்டி போட்ட கல்யாணப் பெண்கள். மீனவர் என்றால் நரைத்த தாடியும் சுருக்கமும் வைத்த ஒரே கிழவர், பின்னால் எப்போதும் பொன் வெளிச்சம். சுற்றுலா விளம்பரத்துக்கும் காலண்டருக்கும் எடுத்த படங்களில் ஊறிய மிஷினுக்கு ஏழை ஊரின் மத்தியான வெயில் தெரியவில்லை.

அந்தத் தப்புதான் அம்மாவின் வாயைத் திறந்தது. இதை நீ நம்ப வேண்டும். அறுபது வருஷம் பேசாத மனுஷி, முதல் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "எங்க தெருவுல ஏது தென்னை? உடைமரமும் பனையுந்தான். வாசல் இந்தப் பக்கமா? இந்தப் பக்கம் வாசல் வச்சா வீட்டுக்குள்ள மணல் வந்து ரொம்பிரும்." அவ்வளவுதான், கொட்ட ஆரம்பித்தாள். காற்று மாறினால் கதவை மாற்றிக் கட்டுவார்களாம். கப்பல் நாளில் போர்ட்டர் பிள்ளைகள் மட்டும் பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சில் இருக்கமாட்டார்களாம், மூட்டை பார்க்க ஓடிவிடுவார்களாம். மணலில் கையால் ஊற்று தோண்டி, சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்புவதாம். கடல் கூப்பிடுதூரத்தில் இருக்க, அந்தத் தண்ணீர் இனிக்குமாம். என்ன ஆயிற்று, எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் வராத அவளிடம், தப்பான படத்தை நீட்டினால் திருத்த வந்துவிடுகிறாள். நான் வரைய, அவள் திருத்த, நான் மறுபடி வரைய என்று ஆனி முழுக்கப் போயிற்று. எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் இதைவிட எனக்குப் பிரியமானது வேறில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் எதிர்வீட்டு டீச்சர் வந்திருந்தார். அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க வீட்டுக் கெணத்தடியில பொழுது விடியுறப்பவே ராட்டினம் கிறீச்சு கிறீச்சுன்னு கேக்கும்." நான் அடுப்படியில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். கிணறா? அவர்கள் வீட்டுக்குக் கிணறே கிடையாது. ஊற்றுத் தண்ணீர்தான் என்று அவள் சொன்ன பதிவு என் போனில் இருக்கிறது. ஆனால் ஆகஸ்டில் வந்த ஒரு படத்தில், வீட்டுக்குப் பக்கத்தில் மிஷின் தானாக ஒரு கிணறு போட்டிருந்தது. சிமெண்ட் உறை, மரச்சட்டம், ராட்டினம். நான் கேட்கவில்லை, கோட்டுப் படத்திலும் இல்லை. வாசலும் உடைமரமும் சரியாக வந்துவிட்டதால் அந்தப் படம் அம்மாவுக்குப் பிடித்துப்போய், கட்டில் தலைமாட்டில் வைத்திருந்தாள். கிணறு அந்தப் படத்திலிருந்து இறங்கி அவளுக்குள் போய்விட்டது. சத்தத்தோடு போய்விட்டது, சந்திரா. படத்தில் சத்தம் ஏது? அதை அவளே சேர்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். 2002-ல் நியூசிலாந்து, கனடா ஆராய்ச்சியாளர்கள் இருபது பேரிடம் அவர்களுடைய சின்ன வயதுப் போட்டோக்களைக் காட்டினார்கள். அதில் ஒன்று மட்டும் ஒட்டுவேலை: அவர்கள் ஒருநாளும் ஏறாத வெப்பக்காற்று பலூனில் அவர்கள் நிற்பதுபோல். மூன்று பேட்டிகள் முடிவதற்குள் பாதிப்பேருக்கு அந்தப் பலூன் பயணம் 'ஞாபகம்' வந்துவிட்டது, முழுசாகவோ கொஞ்சமாகவோ. 2024-ல் எம்.ஐ.டி. மீடியா லேபில் 200 பேரை வைத்து, ஏ.ஐ. மாற்றிய படங்களைக் கொண்டு இதையே பார்த்திருக்கிறார்கள். மாற்றிய படத்தை ஏ.ஐ. வீடியோவாக அசையவிட்டுக் காட்டியபோது, மாற்றாத படம் பார்த்தவர்களைவிட இரண்டு மடங்கு பொய் நினைவுகள். அக்கா மகன் இங்கே என்ன கேட்டுக்கொண்டிருக்கிறான் தெரியுமா? "சித்தி, அம்மாச்சி தெருவை அசைய வைக்கவா? அஞ்சு நிமிஷ வேலை." நல்ல பிள்ளை, ஆசையில் கேட்கிறான். அந்தப் பேச்சே வீட்டில் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பார்சிலோனாவில் டொமெஸ்டிக் டேட்டா ஸ்ட்ரீமர்ஸ் என்று ஒரு குழு, வயதானவர்களுக்கும் ஊர் விட்டு வந்தவர்களுக்கும் போட்டோ இல்லாத நினைவுகளை ஏ.ஐ. படமாக்கிக் கொடுக்கிறது. அவர்கள் வேண்டுமென்றே பழைய மாடல்களை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் வரும் படம் கலங்கலாக, முகம் பிடிபடாமல் இருக்கும். போட்டோ என்று யாரும் எண்ணிவிடக் கூடாதென்று. நல்ல யோசனைதான். ஆனால் என் கிணறும் கரிப்படம்தானே, போட்டோ மாதிரி இல்லையே! மகள் கையால் வரைந்தது போல் இருந்ததால்தான் அம்மா அதை இன்னும் அதிகமாக நம்பினாள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் நிழலை அது கற்றுக்கொண்டது இதற்காகவா என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை.

உனக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். எல்லோருக்கும் நினைவு மாறிக்கொண்டுதானே இருக்கிறது, ஒரு கிணறு கூடினால் என்ன என்பாய். மற்ற ஊர் என்றால் நானும் விட்டுவிடுவேன். போய்ப் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம். இந்த ஊர் அவளையும், தங்கச்சிமடத்தில் இருக்கும் சித்தியையும், அவர்களைப் போல இன்னும் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பேரையும் தவிர வேறெங்கும் இல்லை. அதில் ஒரு கிணறு புகுந்தால் ஓர் ஊற்று போகிறது. அந்தச் சிரட்டை போகிறது. ராட்டினத்தைச் சொன்ன அன்றைக்கு அவள் ஊற்றைப் பற்றிச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தாயா?

படங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஊற்றைப் பற்றி அவளே பேசிய பதிவைப் போட்டுக் காட்டினேன். தன் குரலையே கேட்டுவிட்டு, "ஆமா, ஊத்துதான். கெணறு எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். இப்போது முறையை மாற்றியிருக்கிறேன். முதலில் பேச்சு, முழுசாக, பதிவோடு. பிறகு என் கையால் வெறும் கோடு. மிஷின் படம் கடைசியில், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து தப்பு கண்டுபிடிப்பதற்கு மட்டும். பார்த்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும், வீட்டில் எங்கேயும் மாட்டக்கூடாது. ஓவியமாக நிற்கப்போவது நான் கையால் போடும் கரிப்படங்கள் மட்டும்.

இதெல்லாம் சரியாகிவிடும். சரியாகாத ஒன்று வந்திருக்கிறது. போன வாரம் அம்மா கேட்டாள்: "எங்க அய்யா மொகத்தை அதுல போட முடியுமா?"

போட்டுவிடலாம். அதுதான் பயமே. அம்மா மூக்கு, மாமா நெற்றி என்று கலந்து கொடுத்தால் அரை நிமிஷத்தில் ஒரு முகம் வரும், பார்த்தால் கண்ணில் நீர் வருகிற முகம். அவளும் "இவருதான்" என்பாள். அதற்குப் பிறகு அவள் மனசில் அறுபது வருஷமாக எது இருந்ததோ அதை நான் ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது, அவளாலும் முடியாது. அந்த மனுஷர் இரண்டாம் தடவை போய்விடுவார்.

நான் வரையவும் மாட்டேன். என் கண்ணில் அந்தத் தாடிக் கிழவர்கள் ஏற்கெனவே குடியேறிவிட்டார்கள். போதாததற்கு, சின்ன வயதிலிருந்து தாத்தாவுக்கு நானாக ஒரு முகம் வைத்திருக்கிறேன். என் பென்சில் அங்கேதான் போகும்.

நீ வரைய வேண்டும், சந்திரா. வாட்ச்மேன் தாத்தா சொல்லச் சொல்ல அவர் மனைவியை வேப்பமரத்தடியில் நீ வரைந்தது எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. "மூக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சப்பை" என்று அவர் சொன்னதும், நீ ரப்பரால் ஒரு தேய்ப்பு தேய்த்துத் திருப்பிக் காட்டியதும், அவர் கையெடுத்துக் கும்பிட்டதும். மிஷினைப் பற்றி நான் படித்த எதிலும் அந்தக் காரியம் இல்லை. பென்சில் மாஸ்டர் அன்றைக்கு முழுக்க யாரையும் திட்டவில்லையே!

உனக்குச் சில கட்டளைகள். "மூக்கு கூராக இருக்குமா" என்று கேட்காதே, "மூக்கு எப்படி இருக்கும்" என்று கேள். அவள் தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடு, நிரப்பாதே. கண் இல்லாத முகமாக முடிந்தாலும் பரவாயில்லை. தங்கச்சிமடம் போய்ச் சித்தியையும் தனியாகக் கேட்போம், அம்மா படத்தைக் காட்டாமல். அவளுக்கு அப்போது ஏழு வயது. தோளில் ஏறியவளுக்குத் தலைமுடி தெரிந்திருக்கும், காது தெரிந்திருக்கும்.

டிசம்பர் 22-ஆம் தேதி அம்மா சாப்பிட மாட்டாள், பேசவும் மாட்டாள். அந்த வாரத்தை விட்டுவிடு. உன் பள்ளிக்கு அரையாண்டு லீவு இருக்கும்போதே, 26-க்கு மேல் கிளம்பி வா. அண்ணனையும் கூட்டிவா, கண் ஆறியிருக்கும். உன் 4பி பென்சில்கள் போதும், பேப்பர் என்னிடம் இருக்கிறது. படங்களை வாட்ஸப்பில் அனுப்பு என்று மட்டும் கேட்காதே. அம்மா சொல்லி முடிக்கும்வரை மிஷின் செய்த ஒரு முகமும் உன் கண்ணில் படக்கூடாது. டிக்கெட் போட்டதும் சொல், அக்கா மகனை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

உன்
ராஜி