வருவோர் கணக்கை விளக்கிச் சொல்லுங்கள்: போட்டி ஏற்பாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

உலகக் கோப்பை, ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டிகளை ஏற்று நடத்தும் நகரங்களின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

போட்டி தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, இத்தனை லட்சம் பேர் வெளியிலிருந்து வரப்போகிறார்கள் என்று அறிவிக்கிறீர்கள். அந்த எண்ணை நம்பித்தான் நகராட்சி பணம் ஒதுக்குகிறது, விடுதிக்காரர் அறை வாடகையை ஏற்றுகிறார், சிறு உணவகத்தார் கூடுதல் ஆள் சேர்த்துச் சரக்கு வாங்கி வைக்கிறார். கணிப்பு பொய்த்தால் நட்டம் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

2026 கால்பந்து உலகக் கோப்பைக்கு நியூயார்க், நியூ ஜெர்சி வட்டாரத்துக்கு 12 லட்சம் பேருக்கு மேல் வருவார்கள் என்று சொல்லப்பட்டது. அங்குள்ள மெட்லைஃப் அரங்குக்கு ஒதுக்கப்பட்டவை 8 ஆட்டங்கள், இருக்கைகளோ சுமார் 82,500. எல்லா ஆட்டங்களுக்கும் அரங்கு நிரம்பினாலும் நுழைவுச்சீட்டுகள் 6,60,000 அளவில்தான் இருக்கும். அவற்றிலும் ஒரு பங்கு உள்ளூர்வாசிகள் வாங்குவது. நால்வர் கொண்ட குடும்பம் மூன்று ஆட்டங்களைப் பார்த்தால் சீட்டுக் கணக்கில் அது பன்னிரண்டு, ஊருக்கு வந்தவர்களோ நால்வர்தான். எஞ்சியவர்கள் சீட்டில்லாமல், பெரிய திரையில் ஆட்டம் பார்க்கப் பொதுத்திடல்களில் கூடுவோர் என்றால், அதைத் தனியே பிரித்துக் காட்டுவதில் என்ன தடை?

இதைவிடப் பெரிய குறை, வராமல் போகிறவர்களை நீங்கள் கணக்கில் சேர்க்காதது. 2012இல் லண்டன் ஒலிம்பிக்கின்போது, கூட்ட நெரிசலை எண்ணிப் பயணத்தைத் திட்டமிடுமாறு நகர மேயரின் பதிவு செய்த குரலே ரயில் நிலையங்களில் ஒலித்தது. வழக்கமாக வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் ஆகஸ்டைவிடச் சுமார் 5 விழுக்காடு குறைவு. 2002 கால்பந்து உலகக் கோப்பையின்போது தென் கொரியாவுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 4,60,000 பேர், ஏறக்குறைய முந்தைய ஆண்டு அதே காலத்தில் வந்த அளவுதான். ரசிகர்கள் வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் வந்த இடம், வேறு பயணிகள் விட்டுப்போன இடம். விடுதி அறைகள் ஏற்கெனவே நிரம்பும் பருவத்தில் போட்டி நடத்தும் எந்த நகரத்துக்கும் இதுவே நேரும்.

தென்னாப்பிரிக்காவைப் பாராட்ட வேண்டும். அங்கு நடந்த 2010 கால்பந்து உலகக் கோப்பை நெருங்கிய வேளையில் குறைத்துத் திருத்தப்பட்ட கணிப்பே 3,73,000 பேர் என்றிருக்க, போட்டிக்கென்றே வந்தவர்கள் சுமார் 3,09,000 பேர்தான் என்று அந்நாட்டுச் சுற்றுலா அமைப்பே பின்னர் எண்ணிச் சொன்னது. விளையாட்டை நேசிக்கும் எவரும் அந்த நேர்மையை மதிப்பார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. கணிப்பை வெளியிடும்போதே எத்தனை பேர் வெளியூரார், ஒருவர் எத்தனை ஆட்டம் பார்ப்பதாகக் கொண்டீர்கள், எத்தனை இரவு தங்குவதாகக் கொண்டீர்கள், வழக்கமான பயணிகளில் எவ்வளவு பேர் குறைவார்கள் என்பதையும் வெளியிடுங்கள். போட்டி முடிந்த ஓராண்டுக்குள், உங்களோடு தொடர்பில்லாத ஒரு புள்ளியியல் அமைப்பு அதே முறையில் எண்ணிப் பார்க்கட்டும். இவை இல்லாத கணிப்பைக் காட்டிப் பொதுப் பணம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு விளையாட்டு ரசிகன்