பெயர் வேண்டாமென்ற ஆடிட்டர் அக்காவுக்கு நன்றி

விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு, இழுத்தடிக்கும் பாக்கியை வாங்கும் வழி காட்டினீர்கள் அக்கா.

உத்யம், அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இலவசம். ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் காசு தண்டம். வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிட வேண்டும். பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்குச் சட்டச் சிக்கல் வரும். பதிவு எண்ணைப் பில்லில் போட வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது ஒப்படைப்பில்தான். வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்குச் சாட்சி இருக்கும். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. "இன்னும் அப்ரூவ் ஆகலை சார்" என்ற பல்லவி அப்புறம் எடுபடாது! எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணத்துக்குக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல் மும்மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை மத்திய அரசின் சிறுதொழில் (MSME) அமைச்சக இணையதளத்தில் பதியலாம்.